நாங்குநேரி வட்டாரத்தில் உடற்கொழுப்பு: சேர்வதும் கரைவதும்

செலவாகாமல் மிஞ்சும் உணவை உடல் கொழுப்பாக மாற்றிச் சேர்த்து வைக்கிறது. அதில் ஒரு பகுதி தோலுக்கு அடியில் தங்குகிறது. இன்னொரு பகுதி வயிற்றுக்குள் குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படிகிறது. தோலடிக் கொழுப்பு பெரும்பாலும் தொல்லை தராது. உள்ளுறுப்புகளைச் சுற்றிய கொழுப்பு அப்படியல்ல. இன்சுலின் தன் வேலையைச் செய்யவிடாமல் தடுத்து, சர்க்கரை நோய்க்கும் உயர் ரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் வழி திறப்பது அதுதான். ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. மழை பொய்த்துக் குளம் வற்றிய ஆண்டுகளில் மனிதரை உயிரோடு வைத்திருந்தது இந்தச் சேமிப்புதான். பஞ்சம் வராத காலத்தில் அது கரைய வழியில்லாமல் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது.

கரையும் கொழுப்பு எங்கே போகிறது என்பதில் பரவலான தவறான எண்ணம் ஒன்று உண்டு. வியர்வையாக வெளியேறுகிறது என்று நம்பி இடுப்பில் பிளாஸ்டிக் பட்டை சுற்றிக்கொண்டும், உச்சி வெயிலில் ஓடியும், நீராவிக் குளியலுக்குப் பணம் கட்டியும் வருந்துபவர்கள் ஏராளம். பத்து கிலோ கொழுப்பு முழுவதும் எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோ நீராகிறது என்று 2014இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான கணக்கு காட்டியது. வியர்வையில் குறைவது நீரின் எடை. ஒரு செம்பு தண்ணீர் குடித்ததும் அது திரும்பிவிடும். வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்து வயிற்றுக் கொழுப்பை மட்டும் கரைப்பதும் நடக்காது. கொழுப்பு எந்த இடத்திலிருந்து முதலில் இறங்கும் என்பதை உடல்வாகும் ஹார்மோன்களும் தீர்மானிக்கின்றன. ஆனால் மொத்தக் கொழுப்பு குறையும்போது உள்ளுறுப்புக் கொழுப்பு பெரும்பாலும் முந்திக்கொண்டு கரைகிறது என்பது ஆறுதலான செய்தி.

தெற்காசிய உடலுக்கு இந்த விஷயத்தில் தனிக் கவனம் தேவை. 2004இல் லான்செட் இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று வெளியானது. உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றுதான், 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரியும் இந்திய உடலில் தசை குறைவாகவும் கொழுப்பு மிகுதியாகவும் இருக்கக்கூடும் என்பதை அந்த ஒரே படம் உலகுக்குப் புரியவைத்தது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய நடுத்தர வயது ஆண்களை நெல்லைச் சீமையின் எந்தப் பேருந்து நிலையத்திலும் பார்க்கலாம். அவர்களில் பலரை எடை பார்க்கும் எந்திரம் சரியான எடை என்றே சொல்லும்.

ஆகவே இந்தியர்களுக்கான வரம்புகள் கீழே இறக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. பி.எம்.ஐ. 23ஐத் தாண்டினால் மிகை எடை, 25ஐத் தொட்டால் உடல்பருமன். அதைவிட எளிதானதும் நம்பகமானதும் இடுப்புச் சுற்றளவு. தையற்காரரின் டேப் ஒன்று போதும். கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், சட்டையை விலக்கி, வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. வேட்டி கட்டும் இடமோ பேண்ட்டின் அளவோ இதற்குக் கணக்காகாது. தொப்பை விழுந்தவர்கள் அதற்குக் கீழே இறக்கிக் கட்டிப் பழகியிருப்பார்கள்.

தமிழ்நாட்டின் நிலை கவலைக்குரியது. 2015–16இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் பி.எம்.ஐ. 25ஐத் தொட்ட பெண்கள் 30.9 சதவீதம், ஆண்கள் 28.2 சதவீதம். 2019–21 கணக்கெடுப்பில் இவை 40.4, 37.0 என உயர்ந்தன. அகில இந்திய அளவு அப்போது பெண்களில் 24, ஆண்களில் 22.9தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் 2023ஆம் ஆண்டு முடிவுகளின்படி, இந்தியப் பெரியவர்களில் 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன் இருக்கிறது. அதாவது ஐந்தில் இருவர். இதை நகரத்துப் பணக்காரர்களின் சிக்கல் என்று ஒதுக்கிவிடும் காலம் போய்விட்டது.

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் முப்பது கிலோமீட்டர் தெற்கே உள்ள நாங்குநேரி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தின் செழிப்பு இந்த வட்டாரத்துக்கு முழுமையாக எட்டியதில்லை. வடகிழக்குப் பருவமழையை நம்பிய குளங்களும், பிற்காலத்தில் வந்த மணிமுத்தாறு, வடக்குப் பச்சையாறுத் திட்டங்களும்தான் ஆதாரம். பிசானப் பருவ நெல்லுக்கு நாற்று நடுவது, களை பறிப்பது, அறுப்பது, கட்டுச் சுமந்து களம் சேர்ப்பது, தண்ணீர்க் குடத்தோடு நடப்பது என்று உடலே கருவியாக இருந்த வாழ்க்கை. அந்த உழைப்புக்கு மூன்று வேளையும் சோறும் கஞ்சியும் தேவைப்பட்டன. இன்று அறுவடை எந்திரம் வயலுக்குள் இறங்கிவிட்டது, தண்ணீர் குழாயில் வருகிறது, பக்கத்துத் தெருவுக்கும் இருசக்கர வாகனத்தில்தான் போகிறார்கள். உழைப்பு கழிந்த பிறகும் தட்டில் சோற்றின் அளவு மாறவில்லை. சிக்கலின் வேர் இங்கே இருக்கிறது. கடும் உழைப்பிலிருந்து விடுபட்டதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது; அது நல்லதே. உணவு அதற்கேற்ப மாறாமல் போனதுதான் கேடு.

பெண்களின் நிலை இன்னும் சிக்கலானது. நெல்லைச் சீமையில் முக்கூடல், ஆலங்குளம், வீரவநல்லூர், மேலப்பாளையம் போன்ற ஊர்களில் பீடி சுற்றுவது பெண்களின் பெரிய வாழ்வாதாரம். இலையும் தூளும் வைத்த சுளகை மடியில் ஏந்தி, சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தால் எண்ணிக்கை முடியும்வரை எழ முடியாது. விரல்கள் ஓயாமல் ஓடுகின்றன, தொடையும் இடுப்பும் அசைவதே இல்லை. பத்தமடையில் பாய் நெய்பவர்களின் உடலும் பெரும்பாலும் தரையோடுதான். நாள் முழுதும் வேலை செய்து களைக்கும் இந்தப் பெண்களிடம் உங்களுக்கு உடலுழைப்பு போதாது என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வருவது நியாயமே. களைப்பு வேறு, தசைகளின் உழைப்பு வேறு என்பதைப் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கிறது.

உழைப்புக்கும் பசிக்கும் உள்ள உறவை ஆராய்ந்த பழைய ஆய்வு ஒன்று இந்தியாவிலேயே நடந்தது. ழான் மேயரும் உடன் பணியாற்றியவர்களும் மேற்கு வங்கச் சணல் ஆலைத் தொழிலாளர்களை ஆராய்ந்து 1956இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மிதமான உழைப்பிலிருந்து கடும் உழைப்பு வரை, உழைப்பு கூடக்கூட உணவும் கூடியது, எடை ஏறவில்லை. ஆனால் உட்கார்ந்தே இருந்தவர்கள், உழைப்பாளிகளுக்கு இணையாகச் சாப்பிட்டுப் பருத்திருந்தார்கள். அசைவு ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால் பசி உடலின் உண்மையான தேவையைக் காட்டுவதில்லை என்று மேயர் கருதினார். வயிறு கேட்கும் அளவுக்குச் சாப்பிட்டால் போதும் என்ற அறிவுரை நாற்காலியிலேயே நாளைக் கழிப்பவருக்குப் பயன்படாமல் போவது இதனால்தான்.

கொழுப்பைக் குறைப்பதில் முதல் இடம் உணவுக்குத்தான். அறுபது கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால், சும்மா இருப்பதைவிடக் கூடுதலாகச் செலவாவது ஏறத்தாழ 200 கலோரி. சால்னா ஊற்றிய ஒரு பரோட்டா அதை மிஞ்சிவிடும். நடந்த களைப்புக்கு வடையும் டீயும் எடுத்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடுகிறது. தட்டில் 300 கலோரி குறைப்பது சில நிமிடக் காரியம். அதை நடந்து செலவழிக்க ஒன்றரை மணி நேரம் வேண்டும்.

குறைக்க வேண்டியவற்றில் முதலாவது வெள்ளைச் சோறு. இந்தியர்கள் பெறும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, புரதத்தின் பங்கு 12 சதவீதம் மட்டுமே என்று மேலே சொன்ன நாடு தழுவிய ஆய்வின் 2025ஆம் ஆண்டுக் கட்டுரை கணித்தது. தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பசியை விரட்டிய அந்தத் திட்டத்தின் அருமையைக் குறைத்துப் பேசக் கூடாது. அதே ரேஷன் கடையில் மலிவு விலையில் துவரம்பருப்பும் கிடைக்கிறது என்பதையும் கருத வேண்டும். ஆனால் பருப்பு சாம்பாரில் கரைந்து தண்ணீராக ஓடுகிறது. அரிசிதான் தட்டை நிரப்புகிறது. சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கெட்டிப் பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன், இரண்டு பங்கு காய் அல்லது கீரை என்று தட்டை மாற்றி அடுக்கினால் வயிறு நிறையும், கலோரி குறையும். புரதமும் நார்ச்சத்தும் பசியை நெடுநேரம் அடக்குகின்றன.

இதற்கு வெளியூர்ச் சமையல் தேவையில்லை. நெல்லைச் சமையலறையின் உளுந்தஞ்சோற்றையே எடுத்துக்கொள்ளலாம். நூறு கிராம் அரிசியில் புரதம் சுமார் 8 கிராம். அதில் 35 கிராமைக் குறைத்து அதே எடைக்குத் தொலி உளுந்தைச் சேர்த்து, வெந்தயமும் பூண்டும் போட்டுக் குழையாமல் வேகவைத்தால் புரதம் 13 கிராமாகிறது. கலோரி கூடுவதில்லை, நார்ச்சத்து பல மடங்கு ஏறுகிறது. பூப்பெய்திய பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் உளுந்து கொடுக்கும் வழக்கம் இந்த மண்ணில் வேரூன்றியது. அதை ஆண்டு முழுவதும் எல்லாருக்குமான மதிய உணவாக்குவதில் தடையொன்றும் இல்லை. தொட்டுக்கொள்ளும் எள்ளுத் துவையலில் மட்டும் அளவு வேண்டும். எள்ளும் தேங்காயும் நல்ல உணவுகள், ஆனால் கலோரி அடர்ந்தவை. உவரிக் கடற்கரையிலிருந்து வரும் சாளையும் நெத்திலியும் விலை குறைந்த, தரம் மிகுந்த புரதம். பொரிக்காமல் குழம்பில் இட்டால் போதும். தேங்காய்ப்பால் பிழிந்த சொதியை விருந்துக்கு ஒதுக்கிவைத்தால் யாரும் அதை விட்டுவிடத் தேவையில்லை. களக்காட்டு ஏத்தன்பழம் சத்துள்ளது. சாப்பாட்டுக்கு மேல் உண்ணும்போது கூடுதல் சுமை, மாலைப் பலகாரத்துக்குப் பதிலாக உண்ணும்போது நல்ல மாற்று. சிப்ஸாக எண்ணெயில் பொரித்ததும் அதன் கதை வேறாகிவிடுகிறது.

எண்ணெயை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் நான்கு லிட்டர் செலவானால் ஆளுக்கு நாளொன்றுக்கு 30 கிராம், ஏறக்குறைய 270 கலோரி. எண்ணெய் ரேஷன் பாமாயிலா செக்கு நல்லெண்ணெயா என்பதால் கலோரி மாறாது. கண்ணளவில் ஊற்றுவதை விட்டுக் கரண்டியால் அளந்து ஊற்றத் தொடங்கினாலே மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும் வீடுகள் பல. கருப்பட்டி பற்றியும் தெளிவாகச் சொல்ல வேண்டும். பனை இந்த வட்டாரத்தின் பெருமை, கருப்பட்டிக் காப்பியின் சுவைக்கு ஈடில்லை. ஆனால் கலோரியில் கருப்பட்டி சீனிக்குப் பெரிதாகக் குறைந்ததல்ல. நாளுக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி இனிப்பு என்றால் 40 கிராம், 160 கலோரி. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி சேர்த்துக்கொள்ளும் சர்க்கரைக்கு வைக்கும் எல்லை 20 முதல் 25 கிராம். கோதுமைப் பாலும் சீனியும் நெய்யும் சேர்ந்த அல்வா 100 கிராமில் சுமார் 400 கலோரி. வாழையிலைத் துண்டில் சூடாக வாங்கித் தின்னும் 50 கிராம் என்றைக்காவது ஒருநாள் என்றால் தீங்கில்லை. மதுவைப் பற்றி ஒரு வரி போதும்: ஒரு குவார்ட்டரில் 400 கலோரிக்கு மேல், அதோடு சேரும் சைடிஷ் தனி.

பாக்கெட் தீனிகளின் தீங்கை 2019இல் அமெரிக்காவில் கெவின் ஹால் நடத்திய சோதனை தெளிவாகக் காட்டியது. இருபது பேர் இரண்டு வாரம் ஆலையில் பெரிதும் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் இயல்பான உணவும் விரும்பிய அளவு உண்டார்கள். பதப்படுத்திய உணவு உண்ட நாட்களில் தங்களை அறியாமலேயே தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு, கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறினார்கள். இன்று பெட்டிக்கடை வாசலில் தொங்கும் பத்து ரூபாய்ச் சரங்கள் பெரும்பாலும் இந்த வகைதான்.

எவ்வளவு வேகமாகக் குறைக்கலாம்? வாரத்துக்கு அரைக் கிலோ என்பது உடலுக்கு ஒத்த வேகம். நாளுக்கு சுமார் 550 கலோரி குறைத்தால் அது கைகூடும். பட்டினி கிடப்பது, வெறும் பழச்சாறு, ஒருவேளைக் கஞ்சி என்று இறங்கினால் முதல் வாரம் எடை சட்டென இறங்குவது உண்மைதான். அதில் பெரும்பகுதி நீர். அடுத்துக் கரைவதில் தசைக்கும் பங்குண்டு. ஏற்கெனவே தசை குறைந்த தமிழ் உடலுக்கு இது பெரிய இழப்பு.

உடற்பயிற்சியின் உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது. எடையைக் குறைப்பதில் அதன் பங்கு சிறியது. குறைவது தசையாக இல்லாமல் கொழுப்பாக இருக்கச் செய்வதும், குறைந்ததைத் திரும்ப ஏறவிடாமல் பிடித்துவைப்பதும் அதன் பங்கு. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசையை வலுவாக்கும் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வரையறுத்தது. பேச முடியும், பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்கினால் அதுவே மிதமான வேகம். நடையைப் பற்றி எல்லா மருத்துவர்களும் சொல்கிறார்கள். வலுப் பயிற்சியைப் பற்றிச் சொல்பவர் குறைவு, நாற்பதைத் தாண்டிய பெண்களிடம் சொல்பவர் அதைவிடக் குறைவு. இந்தக் குறை உடனே திருத்தப்பட வேண்டியது.

பளு தூக்குவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பணகுடி அருகே வடலிவிளையில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்கும் போட்டி இன்றும் நடக்கிறது, பெண்களும் கலந்துகொள்கிறார்கள். கல்லைத் தரையிலிருந்து முழங்காலுக்கு ஏற்றி, தொடையில் தாங்கி, நெஞ்சோடு அணைத்து, தோளுக்கு மேல் கொண்டுபோய்ப் பின்னால் போடும் அந்த அசைவில் உடலின் பெரிய தசைகள் எல்லாமே உழைக்கின்றன. ஜிம்மில் சொல்லித்தரும் முக்கியப் பயிற்சிகள் பல அதில் அடக்கம். பழக்கமில்லாதவர் நேராகக் கல்லில் கை வைக்கக் கூடாது. நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கையூன்றித் தண்டால், தண்ணீர் நிரப்பிய இரண்டு பாட்டில்களைத் தோளுக்கு மேல் உயர்த்துவது ஆகிய மூன்றையும் பத்துப் பத்தாக, மூன்று சுற்று, வாரம் மூன்று நாள் செய்தால் தொடக்கத்துக்குப் போதும். பீடி சுற்றும் பெண் மணிக்கு ஒருமுறை எழுந்து பத்து முறை உட்கார்ந்து எழுந்தாலே தொடைத் தசைக்கு வேலை கிடைத்துவிடும்.

நடப்பதற்கு நேரமும் இடமும் பார்க்க வேண்டும். பங்குனி முதல் ஆனி வரை காலை ஏழுக்கு மேல் வெயில் சுடத் தொடங்கிவிடும். லாரிகள் விரையும் நெடுஞ்சாலை ஓரம் நடப்பது ஆபத்து. நாங்குநேரி வானமாமலைப் பெருமாள் கோயிலைச் சுற்றிய வீதிகள், குளக்கரைகள், பள்ளி மைதானங்கள் ஏற்றவை. இருட்டு, நாய்கள், ஊராரின் பேச்சு ஆகிய மூன்றும் பெண்களைத் தடுக்கின்றன. நான்கைந்து பேர் சேர்ந்து நடக்கும்போது மூன்றும் ஓரளவு விலகுகின்றன. தமிழக அரசு 2023 நவம்பரில் ஒவ்வொரு மாவட்டத்திலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதையை அடையாளப்படுத்தி ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தொடங்கியது. நல்ல தொடக்கம். ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று என்பது நாங்குநேரிப் பெண்ணுக்கு எட்டாது. தெருவிளக்கு எரியும் ஒரு கிலோமீட்டர் பாதை ஒவ்வொரு பேரூருக்கும் வேண்டும்.

இந்த முயற்சிகளுக்குப் பலன் உண்டு என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006இல் வெளியானது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேர் பங்கேற்றனர். ஒப்பீட்டுக்காக வைத்த குழுவில் மூன்றாண்டில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் திருத்திக்கொண்ட குழுவில் 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை உண்ட குழுவிலும் ஏறக்குறைய அதே அளவு பலன்தான். எடை பெரிதாக இறங்காமலேயே இந்த நன்மை கிடைத்தது குறிப்பிடத்தக்கது. எந்திரத்தின் முள் அசையவில்லை என்று மூன்றாம் மாதம் மனம் சோர்ந்து விட்டுவிடுபவர்களுக்கு இந்த முடிவைச் சொல்லியே ஆக வேண்டும்.

குறைத்த எடையைத் தக்கவைப்பது குறைப்பதைவிடக் கடினம். எடை இறங்கியதும் உடல் பசியைக் கூட்டுகிறது, செலவைச் சுருக்குகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் மிக வேகமாக எடை குறைத்தவர்களை ஆறு ஆண்டு கழித்து ஆராய்ந்தபோது, எதிர்பார்க்கப்படும் அளவைவிட அவர்கள் உடல் நாளுக்கு சுமார் 500 கலோரி குறைவாகவே செலவிட்டது தெரிந்தது. பெரும்பாலோர் இழந்த எடையில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். எடை திரும்பி ஏறியவர்களை மனவுறுதி இல்லாதவர்கள் என்று பழிப்பது அறிவியலுக்குப் பொருந்தாத கொடுமை.

2025இல் செமாகுளுடைட், டிர்செபடைட் ஊசி மருந்துகள் எடை குறைப்புக்காக இந்தியச் சந்தைக்கு வந்தன. பசியை அடக்கிப் பதினைந்து சதவீதத்துக்கும் மேல் எடையைக் குறைக்கும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. கொழுப்போடு தசையும் குறைவதால் புரதமும் வலுப் பயிற்சியும் அப்போதும் கட்டாயம். நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்புகிறது. மருத்துவர் சீட்டில்லாமல் தொடவே கூடாது.

ஏற்கெனவே சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் உணவைத் திடீரெனக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். மருந்தளவை முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை தரும் ஊழியர்களிடம் இதைச் சொன்னால், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைப் பார்க்க வழிகாட்டுவார்கள். நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ இடது கையில் வலியோ வந்தால் அங்கேயே நின்று மருத்துவமனைக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் கலோரி குறைக்கும் முயற்சியில் இறங்கக் கூடாது. வளரும் பிள்ளைகளுக்கு உணவைக் குறைக்காமல், பாக்கெட் தீனியையும் திரை முன் உட்காரும் நேரத்தையும் மட்டும் குறைத்து, மாலையில் விளையாட விட்டால் போதுமானது.